அடுத்த வாரம் யார் எண்ணுவது?

உடற்பயிற்சியும் ஆரோக்கியமும் பற்றிப் பட்டப்படிப்பில் படிக்கிற பிள்ளைகளை, அந்தப் பாடத்தின் ஒரு பகுதியாகவே வெளியே அனுப்பி, முதியவர்களுக்கோ சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கோ பயிற்சி சொல்லிக்கொடுக்க வைப்பது நல்ல ஏற்பாடு. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்தக் களப்பணியை ஒருங்கிணைப்பதும் என் வேலையில் ஒரு பங்கு என்பதால், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கே போய் எப்படி மாறுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. கல்லூரிக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, மனித உடம்புக்கு வேறொரு நாட்காட்டி இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. செமஸ்டர் என்பது பெயருக்குத்தான் 15, 16 வாரம். முதல் சில வாரம் வகுப்பறையிலேயே போய்விடும், பரிசோதனை முறைகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அனுமதிக் கடிதங்கள் வாங்க வேண்டும். கடைசி வாரங்கள் ரெக்கார்டு எழுதவும் தேர்வுக்குப் படிக்கவும் போய்விடும். நடுவில் மிஞ்சுவது எட்டு வாரம், நன்றாக அமைந்தால் பத்து.

இந்த எட்டு வாரத்தில் உடம்பு என்ன செய்கிறது என்பதை அதே மாணவர்களுக்கு நாங்களேதான் பாடமாக நடத்துகிறோம். வலுப்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடுகிற வலுவில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வேலை. இருக்கிற தசையையே இன்னும் நன்றாக ஏவுவதற்கு மூளை பழகிக்கொள்கிறது. தசை பருமனாவது அதற்குப் பிறகுதான். அதாவது, அசல் மாற்றம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போது மாணவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். வந்தது போவதும் சீக்கிரம்தான். தொடர்ந்து நடந்து சேர்த்த தாங்குதிறன், பயிற்சியை விட்ட 2 முதல் 4 வாரத்துக்குள் இறங்கத் தொடங்கிவிடும். இன்சுலின் உடம்பில் நன்றாக வேலை செய்ய உதவுகிற விளைவு ஒருமுறை பயிற்சி செய்தால் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரைதான் நிற்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். இது தடுப்பூசி மாதிரி வந்து போட்டுவிட்டுப் போகிற காரியம் இல்லை. அப்படியிருக்க, எட்டு வாரம் வந்து, பழக்கி, ஒரு குழு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஏற்பாட்டில் அந்த மக்களுக்குக் கிடைப்பது என்ன? இந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவே நாளாயிற்று.

புத்தகம் விட்ட இடம்

மாணவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதில் குழப்பமே இல்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிட 220-இலிருந்து வயதைக் கழி என்று ஒரு சூத்திரம் உண்டு. 2001-இல் தனாகாவும் அவர் கூட்டாளிகளும் அதைத் திருத்தி, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். மாணவர்கள் இரண்டையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். முதல் நாளே களத்தில் ஓர் ஐயா வேகமாக நடந்து மூச்சு வாங்க வந்து உட்காருவார், நாடி பிடித்துப் பார்த்தால் துடிப்பு ஏறவே ஏறாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். மாத்திரையே துடிப்பை அடக்கி வைத்திருக்கிறது, இரண்டு சூத்திரமும் அவரிடம் செல்லாது. சரி, என்ன செய்வது? பேசச் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினால் கடுமையான வேகம். இந்தப் பேச்சுச் சோதனையும் புத்தகத்தில் இருக்கிறது, ஒரு பத்தியில். அந்தப் பத்திக்கு என்ன மதிப்பு என்று தெரிவது அந்த ஐயாவுக்கு முன்னால் நின்றால்தான்.

பயமும் அப்படித்தான். முதியவர்களின் உடற்தகுதியைப் பார்க்க ரிக்லியும் ஜோன்ஸும் தொகுத்த சோதனைகளில் ஒன்று, 30 வினாடி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. கைகளை மார்பின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுக்குள் இருக்கிற பெண் 10-க்குக் குறைவாக எழுந்தால் சராசரிக்குக் கீழே என்று அட்டவணை சொல்லும். ஆனால் அந்த எண் குறைவாக வருவதற்குக் கால் வலு மட்டுமே காரணமாக இருப்பதில்லை. போன வருடம் குளியலறையில் விழுந்த ஒரு பாட்டி, கையைப் பிடிமானத்திலிருந்து எடுக்கவே மாட்டார். அவருக்கு வலு இருக்கிறது, நம்பிக்கைதான் இல்லை. அதைக் கண்டுபிடித்து, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முன்னால் ஒருவர் நின்று, முதலில் கையை ஊன்றியே எழுந்திருங்கள் பாட்டி என்று சொல்லத் தெரிவதுதான் இந்தப் படிப்பு. கல்வித் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1938-லேயே, எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, எந்த அனுபவம் அடுத்த அனுபவத்துக்கு வழி திறக்கிறதோ அதுவே கல்வி என்ற பொருளில் எழுதினார். கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-இல் அதை ஒரு சுழற்சியாக வரைந்தார்: செய், நின்று யோசி, கருத்தாக்கு, மறுபடி செய்து பார். எங்கள் மாணவர்கள் வாரா வாரம் எழுதுகிற குறிப்புகளில் அந்தச் சுழற்சி ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு மாணவி முதல் குறிப்பில், ஒருவர் எப்போதும் அரை எண்ணிக்கை பின்தங்கியே செய்கிறார், கவனக்குறைவாக இருக்கலாம் என்று எழுதினாள். அடுத்த குறிப்பு: அவருக்கு இடது காது கேட்காது, இப்போது நான் வலது பக்கம் நின்று எண்ணுகிறேன், சரியாகச் செய்கிறார். நான் படித்த நல்ல குறிப்புகளில் இதுவும் ஒன்று.

உடற்பயிற்சி அறிவியலே ஒருவகையில் வெளியிலிருந்து உள்ளே வந்ததுதான். ஜெரமி மாரிஸும் அவர் குழுவும் 1953-இல் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிற ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கிற நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவு என்று அது காட்டியது. இன்று நாம் பாடமாக நடத்துவது, அப்படி ஆட்கள் வேலை செய்கிற இடத்தைப் போய்ப் பார்த்ததிலிருந்து வளர்ந்தது. மாணவர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வருவதை யாராவது படிப்பு நேரம் வீண் என்று சொன்னால் நான் விடாமல் சண்டை போடுவது அதனால்தான்.

கடைசி நாளில் வந்த கேள்வி

ஆனால் படிப்பு ஒரு பக்கம், சேவை இன்னொரு பக்கம். என் உறுத்தலுக்கு உருவம் கொடுத்தது ஒரு குழுவின் கடைசி நாள். முதியவர்கள் குழு. பிள்ளைகள் நன்றாக நடத்தியிருந்தார்கள், குறை சொல்லவே முடியாது. முடிவுச் சோதனையும் நடந்தது, எண்கள் அழகாக ஏறியிருந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காருகிற சோதனையில், 12 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களில் பலர் அதற்குக் கீழே வந்திருந்தார்கள். 12-ஐத் தாண்டினால் விழும் அபாயம் கவனிக்க வேண்டியது என்று கொள்வது வழக்கம், அதனால் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. ஒரு பையன் ஒவ்வொருவரிடமும் தாளைக் காட்டி, பாருங்கம்மா, நீங்க எவ்வளவு முன்னேறியிருக்கீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தான். வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் கேட்டார்: “நல்லா இருக்கு கண்ணு. அடுத்த வாரம் யாரு எண்ணுவாங்க?”

அவன் முதலில் புரியாமல், நீங்களே வீட்டில் செய்யலாம்மா, தினமும் பத்து முறை என்றான். அவர் விடவில்லை. “செய்யறது இல்லப்பா. எண்ணறது. நீங்க எண்ணினா நாங்க எழுந்திருப்போம். எத்தனை எண்ணணும், எப்ப நிறுத்தணும், யாருக்கு முடியலைன்னா என்ன பண்ணணும், அதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்?” பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதில் கோபமோ வருத்தமோ இல்லை. ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் யார் என்று கேட்டார், அவ்வளவுதான். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்று கொடுக்க வேண்டிய பதில் அந்த அறையில் யாரிடமும் இல்லை, ஏனென்றால் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு கேள்விக்கு இடமே ஒதுக்கியிருக்கவில்லை. எட்டு வாரமும் எண்ணிக்கை மாணவர்களின் வாயில்தான் இருந்தது.

அன்று இரவு அந்த எண்களை எடுத்து மறுபடி பார்த்தேன். இப்படிப்பட்ட முன், பின் சோதனைகளில் ஏறுகிற எண்ணில் ஒரு பங்கு வெறும் பழக்கம். முதல் தடவை அந்த 3 மீட்டரை எப்படித் திரும்புவது என்று தயங்குகிறவர், இரண்டாம் தடவை தயங்காமல் திரும்புகிறார். ஒப்பிட வேறு குழுவும் கிடையாது. இதெல்லாம் ஆராய்ச்சிமுறை வகுப்பில் சொல்கிற விஷயங்கள்தான், புதிதில்லை. புதிதாகத் தோன்றியது வேறு. அந்த எண்கள் முழுக்க முழுக்க உண்மையாகவே இருந்தாலும், அவை மாணவர்கள் அறைக்குள் இருக்கும்போது என்ன நடந்தது என்பதை மட்டும்தான் சொல்கின்றன. அந்த அம்மா கேட்டது மாணவர்கள் அறையில் இல்லாத நாளைப் பற்றி.

1979-இல் எழுதிவைத்தது

சமூகப் பணியையும் கல்வியையும் இப்படி இணைத்து, அதற்குச் சேவைவழிக் கற்றல் (service-learning) என்று பெயர் கொடுத்து நடத்தத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும். 1967 வாக்கில் அமெரிக்காவின் தென்மாநிலக் கல்வி வாரியத்தில் வேலை பார்த்தபோது தொடங்கியது அது. அதே சிக்மன் 1979-இல் மூன்று கோட்பாடுகளை வகுத்தார். சேவை பெறுகிறவர்களே அந்தச் சேவை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும் என்பது ஒன்று. சேவை பெறுகிறவர்கள் தங்கள் முயற்சியாலேயே தங்களுக்கும் பிறருக்கும் உதவும் திறன் பெற வேண்டும் என்பது இரண்டாவது. சேவை செய்கிறவர்களும் கற்பவர்களே, என்ன கற்பது என்பதில் அவர்களுக்கும் கணிசமான பங்கு வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவதை எல்லாரும் பிரமாதமாகச் செய்கிறோம், ஏனென்றால் அதற்குத்தான் மார்க் இருக்கிறது. முதலாவதைக் கொஞ்சம் செய்கிறோம், தொடக்கத்தில் ஒரு கூட்டம் போட்டு உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோம். இரண்டாவது அப்படியே கிடக்கிறது. அந்த அம்மா கேட்டது அந்த இரண்டாவது கோட்பாட்டைத்தான், அதுவும் அதை வகுத்தவரைவிடத் தெளிவாக.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை இதை அலங்காரப் பேச்சு என்று தள்ளவும் முடியாது, ஏனென்றால் நம் துறையில் நன்றாக வேலை செய்த திட்டங்கள் சில இப்படித்தான் அமைந்திருக்கின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் விழாமல் இருப்பதற்கான கால் வலு, சமநிலைப் பயிற்சிகள், வாரம் மூன்று முறை, அவரவர் வீட்டிலேயே, கூடவே நடை. பயிற்சியாளர் சில தடவை வீட்டுக்கு வந்து ஆளுக்கேற்றபடி பயிற்சியைத் தேர்ந்தெடுத்துக் கற்றுக்கொடுத்து, படிப்படியாகக் கடினமாக்கி, நடுநடுவே தொலைபேசியில் விசாரித்துக்கொள்வார். மற்ற நாளெல்லாம் அந்த முதியவர்தான் செய்கிறார். அதன் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் விழுதல் ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்திருந்தது. கேட் லோரிக்கும் அவர் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய, நாட்பட்ட நோயைத் தாங்களே கையாளக் கற்றுத்தரும் ஆறு வார வகுப்பை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவத் துறைக்காரர்களே அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், இருவர் இருவராக, பலருக்கும் அதே போல நோய் உண்டு.

இது ஏன் எடுபடுகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் சொன்னதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. என்னால் முடியும் என்ற நம்பிக்கை முதலில் தானே செய்து வெற்றி பெறுவதால் வருகிறது, அடுத்தபடியாகத் தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதால் வருகிறது. தன்னைப் போன்ற என்பதுதான் இங்கே விஷயம். இருபது வயதுப் பையன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து காட்டினால் எழுபது வயதுக்காரருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை, அவனுக்கு முடியும், முடியாமல் என்ன? முழங்கால் வலியோடு போன மாதம்வரை கையை ஊன்றி எழுந்த பக்கத்து வீட்டுக்காரர் இன்று கையைக் கட்டிக்கொண்டு எழுந்தால் அது வேறு கதை.

எண்ணிக்கையைக் கைமாற்றுவது

அடுத்து வந்த மாணவர் பிரிவுக்குப் பாடத்திட்டம் மாறியது. பயிற்சிகள் அதேதான், உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்வதை ஒட்டியவை: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசை வலு, 65-ஐத் தாண்டியவர்களுக்குச் சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி குறைந்தது மூன்று நாள். மாறியது யார் முன்னால் நிற்பது என்பதுதான். முதல் வாரங்களில் மாணவர்கள் நடத்துவார்கள். பாதியில் குழுவிலிருந்தே ஒருவர் வார்ம் அப்பை எடுத்துக்கொள்வார். பிறகு ஒருவர் எண்ணுவார். கடைசி வாரங்களில் மாணவர்கள் வரிசையில் உட்கார்ந்து செய்வார்கள், குழுக்காரர்கள் நடத்துவார்கள், ஏதாவது பிசகினால் முடிந்த பிறகு பேசிக்கொள்வது, நடுவில் எழுந்து போய்த் திருத்துவதில்லை. இந்தக் கடைசி விதிதான் பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. கண் முன்னால் ஒருவர் முதுகை வளைத்துச் செய்யும்போது உட்கார்ந்திருப்பது லேசில்லை. ஆபத்து என்றால் ஒழிய எழக்கூடாது என்று வைத்தோம், எது ஆபத்து என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம்.

யாரை நடத்துநராகத் தேர்ந்தெடுப்பது என்பதில் மாணவர்கள் முதலில் கை காட்டியது குழுவிலேயே உடற்தகுதி கூடியவரை. குழுக்காரர்கள் தேர்ந்தெடுத்ததோ எல்லா நாளும் தவறாமல் வருகிறவரை. அவர்கள் தேர்வுதான் சரி என்று எனக்குப் பட்டது. வராதவர் வீட்டுக்குப் போய் என்னாச்சு என்று விசாரிக்கிறவரும் அவராகத்தான் இருந்தார், அந்த வேலைக்கு எந்தச் சோதனை அட்டவணையிலும் இடம் கிடையாது.

இதில் மாணவர்களுக்குப் பயிற்சி நேரம் குறைகிறது, அவர்கள் நடத்தித்தானே பழக வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நடந்தது வேறு. ஒரு பயிற்சியைச் செய்துகாட்டத் தெரிந்தால் போதாது, அதை இன்னொருவர் நடத்தும் அளவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் ஏன் என்ற கேள்விக்கெல்லாம் பதில் வேண்டும். கையை ஏன் கட்டிக்கணும் தம்பி என்று கேட்டால், கையால் தள்ளினால் காலின் வலு எவ்வளவு என்று தெரியாமல் போய்விடும் என்று சொல்லத் தெரிய வேண்டும். முடியாதவருக்கு என்ன மாற்று என்று கேட்டால், நாற்காலியில் மெத்தை போட்டு உயர்த்தலாம், கையை ஊன்றலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், இந்த மூன்றில் யாருக்கு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளில் பயிற்சியை வகுப்பதற்கு வாரத்தில் எத்தனை தடவை, கடுமை, நேரம், வகை என்று நான்கு தலைப்பு எழுதி முழு மார்க் வாங்குகிறவர்கள், இந்தக் கேள்விகளுக்கு முன்னால் திணறினார்கள். திணறி, போய்ப் படித்துவிட்டு வந்தார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நாங்கள் எதையும் தளர்த்தவில்லை. பெரிய எழுத்தில் ஓர் அட்டை. நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால், தலை சுற்றினால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால் உடனே நிறுத்து, உட்காரவை, ஆளைக் கூப்பிடு. இன்சுலின் போடுகிறவர்கள் தொடங்கும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும், 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். மாத்திரையைப் பற்றி மாணவர்களும் பேசக்கூடாது, நடத்துநரும் பேசக்கூடாது, அது மருத்துவரிடம். இந்த அட்டையில் உள்ளதை நடத்துநர் பார்க்காமல் சொல்கிற வரைக்கும் அவரிடம் குழுவை ஒப்படைப்பதில்லை. எல்லாருக்கும் முன்னால் நிற்பதில் விருப்பம் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் செய்ய மட்டும்தான் வருவேன், என்னை எதுவும் சொல்லச் சொல்லாதே என்று ஒருவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதில் என்ன தவறு? அவர் வந்தால் போதும்.

மார்க் எங்கே போடுவது

இத்தனைக்கும் பிறகும் ஒரு குழு செமஸ்டர் முடிந்ததும் நின்றுபோனது. விசாரித்தால், நடத்துநர் தயார், ஆட்கள் தயார், கூடத்தின் சாவி இல்லை. அதுவரை மாணவர்கள்தான் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கி வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்தைப் போட வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. தசை, நரம்பு, நம்பிக்கை என்று எவ்வளவோ யோசித்தாலும் ஒரு சமூக உடற்பயிற்சித் திட்டம் நிற்பதும் நடப்பதும் பல நேரம் இந்த மாதிரி விஷயத்தில்தான். இப்போது மாணவர்கள் எழுதுகிற ஒப்படைப்புத் திட்டத்தில் பயிற்சிப் பட்டியலுக்கு முன்னாலேயே இடம் யாருடையது, சாவி யாரிடம், மழை வந்தால் எங்கே, நாற்காலியை யார் போடுவது என்று எழுத வேண்டும். முதல் பக்கம் அதுதான். இதெல்லாம் உடற்பயிற்சி அறிவியலா சார் என்று ஒரு மாணவன் கேட்டான். ஆமாம் என்றுதான் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன்.

இன்னும் தீராமல் இருப்பது மதிப்பீடு. சேவை நேரத்தை மணிக்கணக்கில் குறித்து, கையெழுத்து வாங்கி, அதற்கு மார்க் போடுவது பல இடங்களில் நடைமுறை. அது வருகைப்பதிவு, அவ்வளவுதான். ஒருவர் 30 மணி நேரம் ஓரமாக நின்றுவிட்டு வரலாம். சோதனை எண்கள் ஏறியதற்கு மார்க் போட்டால் இன்னும் மோசம், ஏறாதவர்களைப் பிள்ளைகள் கணக்கில் சேர்க்கத் தயங்குவார்கள், கடைசி நாளில் நன்றாகச் செய்யுங்கம்மா என்று கெஞ்சுவார்கள். சேவை பெறுகிறவர்களை மாணவர்களின் மார்க்குக்காக உழைக்க வைப்பதாகிவிடும் அது. நான் மதிப்பிட விரும்புவது மாணவர்கள் போன பிறகு குழு நடக்கிறதா என்பதை. ஆனால் மார்க் பட்டியல் அதற்கு முன்பே போய்விட வேண்டும், விதிமுறை அப்படி. பட்டியலைப் பிற்பாடு திருத்தவும் முடியாது. நீங்கள் கேட்பதற்கு நாம் செமஸ்டரையே கலைக்க வேண்டும் என்று அந்தச் சக ஆசிரியர் சொல்லிவிட்டார், அவர் சொல்வதும் வாஸ்தவம்தான்.

இப்போதைக்குச் செய்திருப்பது இது. ஒப்படைப்புத் திட்டத்துக்கு மார்க் உண்டு, அதை எங்களோடு சேர்ந்து குழுவின் நடத்துநரும் படித்துப் பார்த்து, இதை வைத்து என்னால் நடத்த முடியும், முடியாது என்று சொல்வார், அவர் முடியாது என்றால் திருத்தி எழுத வேண்டும். அடுத்த பிரிவு மாணவர்களின் முதல் அசைன்மென்ட், புதுக் குழு தொடங்குவது அல்ல, போன பிரிவு விட்டுப்போன குழுவுக்குப் போய்ப் பார்த்து, யார் வருகிறார்கள், யார் எண்ணுகிறார்கள், எது மாறியிருக்கிறது என்று எழுதுவது. பழைய பிரிவுக்கு அதில் மார்க் கிடையாது, ஆனால் அறிக்கை அவர்கள் கைக்கும் போகும். முதல் அறிக்கைகளில் ஒன்றில், குழு நடக்கிறது, பயிற்சிகளில் பாதியை அவர்களாகவே மாற்றியிருக்கிறார்கள், மூன்று பயிற்சிகளில் மாற்றம் சரியில்லை, ஒன்றில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாக இருக்கிறது என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். கூடவே அந்தக் குழு ஒரு நிபந்தனையும் சொல்லி அனுப்பியிருந்தது. மாணவர்கள் வரலாம், ஆனால் மதியம் 2 மணிக்கு நடத்தச் சொல்லக் கூடாது, அது கல்லூரிக்குத் தோதான நேரம், எங்களுக்குக் காலை 6 மணிதான். கால அட்டவணைக் குழுவிடம் பேசிப் பார்த்தோம், வகுப்பு நேரத்தை மாற்ற முடியாது, ஆனால் களப்பணியை வகுப்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வருகிற செமஸ்டர் அறிவிப்பில் அந்தக் குழுவின் பெயருக்கு எதிரே காலை 6 மணி என்று போட்டிருக்கிறோம், அந்த நேரத்துக்கு வர முடிகிறவர்கள் மட்டும் அதில் பெயர் கொடுக்கலாம்.